மரத்தில் செய்த பருந்து

என் மகள் வயிற்றிலிருந்த குழந்தை மயில் கத்தினால் அசையும். இதை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்த இரண்டாம் நாள், விடியக் காலையில் கிணற்றோரத்துப் புளியமரத்தில் இருந்து மயில் ஒன்று தொண்டை கிழியக் கத்தியது. உள்ளே படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். பதறிக்கொண்டு ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மயில் கத்துனா உள்ள ஒரு ஒதை உடுதுங்கப்பா" என்றாள்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் இரண்டு தடவை அவளுக்குத் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது. இன்னொன்று ஆறு மாதம் நிறைந்த பிறகு. அந்த இரண்டாவதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்தத் தடவை செய்தி வந்த அன்றே வாசலில் இறங்கி, பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டேன். முருகா, இந்தப் பிள்ளையைக் குறையில்லாமல் எங்கள் கையில் கொடு, தைப்பூசத்துக்கு மயில் காவடி எடுத்து நடந்தே வந்து உன் சன்னிதியில் இறக்குகிறேன் என்று. வேறெதுவும் கேட்கவில்லை. மார்கழி முதல் தேதி மாலை போட்டுக்கொண்டேன்.

காவடிக்கு வேண்டிய பீலிகூட எங்கள் காட்டில் விழுந்ததுதான். ஆவணி புரட்டாசியில் மயில்கள் தோகையை உதிர்க்கும்போது வரப்பு வரப்பாகப் போய்ப் பொறுக்கி, கண் உடையாததாகப் பார்த்து, கட்டிக் கட்டி வைத்திருந்தேன். அதனால் அந்த மயில்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. ஆனால் அந்த மார்கழியில்தான் கிணற்றுத் தண்ணீரை நம்பி நிலக்கடலை விதைத்திருந்தோம். விதை போட்ட சால் வழியாகவே மயில்கள் வரிசையாக நடந்து வரும். ஒன்று விடாமல் கிளறித் தின்னும். தப்பி முளைத்தது இரண்டு இலை விட்டால் அதையும் கிள்ளிவிட்டுப் போகும்.

முந்தின வருடங்களில் பட்டாசு வெடிப்போம், தகர டின் தட்டுவோம். இந்த வருடம் அதற்கு வழியில்லை. டாக்டரம்மா என் மகளை நடமாட்டம் இல்லாமல் படுத்திருக்கச் சொல்லியிருந்தார். ஒரு பாத்திரம் கீழே விழுந்தால்கூட என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். அப்புறம் எங்கே பட்டாசு? மனைவி தன் பழைய சேலைகளை எல்லாம் வேலியில் கட்டி விட்டாள். இரண்டு நாள் மயில்கள் தள்ளி நின்று பார்த்தன. மூன்றாம் நாள் அந்தச் சேலைகளின் நிழலிலேயே உட்கார்ந்துகொண்டன.

என் மனைவியின் தம்பி பொள்ளாச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நாற்பதை நெருங்கும் வயது. ஞாயிற்றுக்கிழமையானால் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போய், தன்னைப்போல நாலைந்து பேரோடு சேர்ந்து ரிமோட்டில் விமானம் விடுவான். கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அக்காவைப் பார்க்க வந்தால், "பைலட்டு வந்துட்டாரு, தரையில எடம் உடுங்க" என்று அவள் கேலி பேசுவாள். சேலையெல்லாம் வேலியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான், சத்தமில்லாமல் மயில் ஓட்ட தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று. பருந்து மாதிரி ஒரு விமானம். மேலே வட்டமடித்தால் போதும், மயில் குஞ்சைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும்.

முதலில் அவன் கொண்டு வந்தது தெர்மாக்கோலில் செய்தது. அவன் அதை ஃபோம் என்றான். டி.வி. பெட்டிக்குள் வைத்து வருமே, பார்வைக்கு அது மாதிரிதான் இருந்தது. ஆனால் வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. மூக்கைத் தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கியது. மோட்டாரும் அதன் காற்றாடியும் இறக்கைக்குப் பின்னால் இருந்தன. முட்டினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதற்காக அப்படி வைத்திருந்தான்.

மார்கழி, தை மாதத்தில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மலைக்கும் நடுவே இருக்கிற கணவாயில் கிழக்கேயிருந்து புகுந்து, பனைமட்டையை எல்லாம் ஓயாமல் அடிக்க வைக்கும். அந்தக் காற்று தெர்மாக்கோல் பருந்தைத் தாள்போலத் தூக்கிக்கொண்டு போனது. முள்ளில் விழுந்தது. அவன் டேப் ஒட்டி மறுபடி விட்டான். மறுபடி விழுந்தது. மயில்கள் முதல் நாள் ஓடின. அப்புறம் வரப்பில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தன. எனக்கு அது அவமானமாகக்கூட இருந்தது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. மயிலை ஓட்டுவது என்றால் முருகனிடம் சொல்லாமல் எப்படி ஓட்டுவது? மாலை போட்டவன் நான். அந்தத் தெர்மாக்கோல் பருந்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை அறையில் வைத்துக் கற்பூரம் காட்டினேன். ஒரு பொறி இறக்கையில் தெறித்தது. தெறித்த இடம் சுருங்கி, கறுத்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையானது. வீடு முழுக்க ஒரு கெட்ட நாற்றம். மகளின் அறைக் கதவை மனைவி ஓடிப் போய்ச் சாத்தினாள். பூஜையை ஏற்காத சாமான் என்று அப்போதே என் மனதில் விழுந்துவிட்டது.

மரத்தில் செய்தால் என்ன என்று கேட்டேன். கோவிலில் சாமி ஏறி வரும் வாகனமெல்லாம் மரம்தானே. மயில் வாகனமே மரம்தானே.

மைத்துனன் சிரித்துவிட்டான். "இது சாமி வாகனமில்லீங்க மாமா, வெளையாட்டுச் சாமான்" என்றான். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னான். பால்சா என்று ஒரு மரம் உண்டு, அதில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும், நிஜப் பருந்து மாதிரியே இருக்கும். ஆனால் கீழே விழுந்தால் தீக்குச்சியாக நொறுங்கும். காற்றாடி முன்னால் மூக்கில் இருக்கும், மூக்குக்கு உள்ளே கெட்டிப் பலகை வைத்திருக்கும். "ஃபோமு எதுல முட்டினாலும் அதுக்குத்தான் அடி. பால்சா முட்டினா முட்டினதுக்கும் அடிங்க மாமா. உங்குளுக்குப் புதுக் கை. ஃபோமுலயே கொஞ்சம் கனமாப் பண்ணித் தர்றனே" என்றான்.

அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கருகின ஓட்டை கண்ணிலேயே நின்றது. இரண்டு மனதாக இருந்ததால் ஊர் முருகன் கோவிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். எங்கள் பக்கம் எந்தக் காரியத்துக்கும் அப்படிக் கேட்பது வழக்கம். பெண் எடுப்பதற்கும் கேட்போம், கிணறு வெட்டுவதற்கும் கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தால் உத்தரவு தெரிந்துவிடும்.

தெர்மாக்கோல் வெள்ளை, அதனால் வெள்ளைப் பூ வந்தால் அது, சிவப்பு வந்தால் மரம் என்று சொன்னேன். பூசாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என்ன காரியத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். எதில் பண்ணுவது என்று மட்டும்தான் கேட்கிறாயா என்று மறுபடி கேட்டார். ஆமாங்க என்றேன். விளக்குப் போட வந்திருந்த ஒரு அம்மாவை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது.

இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் பூசாரி ஏன் இரண்டாவது தடவை கேட்டார் என்று தெரிகிறது. எதில் பண்ணுவது என்று கேட்டேனே தவிர, பண்ணலாமா என்று நான் கேட்கவேயில்லை.

பால்சா மரம் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது. இறக்கைக்கும் உடம்புக்கும் வேண்டிய துண்டுகளை மிஷினில் வெட்டியே அனுப்பியிருந்தார்கள். ஒரு பலகையைக் கையில் எடுத்தபோது கை தானாக மேலே போய்விட்டது, அவ்வளவு கனமில்லாத மரம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் மரங்களில் வேம்புக்கு ஒரு வாசம், தேக்குக்கு ஒரு வாசம், பூவரசுக்குக்கூட ஒரு வாசம் உண்டு. இதற்கு ஒன்றுமே இல்லை. எங்கோ தூர தேசத்து மரம் என்றான் மைத்துனன். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று பிடிக்காமல் போனது. இருந்தாலும் உத்தரவு வந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

மூன்று ஞாயிறு வந்து அவன் அதை ஒட்டி முடித்தான். மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய தாளைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இழுத்தான். தலைக்கும் மார்புக்கும் வெள்ளை. கருடன் என்று நாங்கள் கும்பிடுகிற செம்பருந்தின் அதே நிறம். நான் கேட்டுத்தான் அந்த நிறம் வைத்தான். கற்பூரம் காட்டினேன். இந்தத் தடவை ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷமாக இருந்தது.

முதல் நாள் அது மேலே ஏறியபோது எங்கள் நாய் கட்டுத்தரையில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டும் வரவில்லை. காற்றில் ஆடாமல் அசங்காமல் அது வட்டமடித்தது. மயில்கள் ஓடின. ஓடியது மட்டுமில்லை, காடைகள் கத்துவதை நிறுத்தின, கிளிகள் நிறுத்தின, குருவிச் சத்தம்கூட அடங்கியது. கொஞ்ச நேரம் பனைமட்டை அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை.

"ஏனுங்க, சாமின்னு நெனச்சுக் கும்படறாங்கொ. அவுங்களுக்குச் சொல்லீருங்க" என்றாள்.

சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். சொல்லாமலே விட்டுவிட்டேன்.

மைத்துனன் எனக்கும் விடக் கற்றுக்கொடுத்தான். ஏற்றவும், வட்டம் போடவும், இறக்கவும் மட்டும். காற்று வேகமாக இருந்தால் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தான். காலையில் காற்று எழும்புவதற்கு முன் ஒருமுறை, சாயங்காலம் பொழுதோடு ஒருமுறை என்று ஒரு வாரம் விட்டேன். மறுபடி விதைத்த கடலை முளைத்தது. சால் முழுக்கப் பச்சை பிடித்தது. மயில் ஒன்றுகூட இல்லை. எங்கள் காட்டில் மட்டுமில்லை, புளியமரத்தில் இல்லை, கோவில் மதிலில் இல்லை, ஓடைப் பக்கம் இல்லை.

விடியக் காலையில் மயில் சத்தம் நின்றுபோனது என்று எனக்கு முதலில் தோன்றவேயில்லை. என் மகள்தான் கேட்டாள். "ஏனுங்கப்பா, மயிலையே காணோம்?" கடலைக்கு மருந்து அடித்திருக்கிறோம், அதனால் வரவில்லை என்று பொய் சொன்னேன். பருந்து விடுகிற விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. படுத்திருக்கிறவளுக்கு எதற்கு அந்தக் கவலை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

டாக்டரம்மா அவளைக் குழந்தையின் அசைவை எண்ணி வைக்கச் சொல்லியிருந்தார். எழுதி வைக்கச் சோம்பல்பட்டு, அவள் விதைக்கு உடைத்த கடலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பருப்பை டம்ளரில் போடுவாள். உச்சிப்பொழுது வருவதற்குள் பத்துக்கு மேல் சேர்ந்துவிடும். பொழுது சாய்ந்ததும் என் மனைவி அதை எண்ணிப் பார்த்து, வறுத்து அவளுக்கே கொடுத்துவிடுவாள். "பேரன் சம்பாத்தியம்" என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

பிறகு டம்ளரில் சேருவது குறைந்தது. வறுக்கும்போது சட்டியில் கேட்கிற சத்தத்தில் எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது, எண்ணுவதை விடாதீர்கள், குறைந்தால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார்கள். வந்த நாளில் இருந்து என் மகள் காது கொடுத்துப் படுத்திருக்க ஆரம்பித்தாள்.

அந்த நாளை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

தை பிறந்து சில நாள். காலையில் எட்டு மணி தாண்டியும் டம்ளரில் இரண்டு பருப்புதான் இருந்தது. முந்தின நாள் முழுக்கச் சேர்ந்ததே ஆறோ ஏழோதான். மைத்துனனுக்குப் போன் போட்டு, கார் எடுத்துக்கொண்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். மனைவி துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. காட்டுக்குப் போனேன்.

கடலைக்காட்டு நடுவில் ஒரு மயில் நின்றது. பத்து நாளுக்குப் பிறகு ஒரே ஒரு ஆண் மயில். தோகை பாதிதான் வளர்ந்திருந்தது. அது கடலையைத் தொடவில்லை. சும்மா நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முருகன் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். இப்போது அது கத்தினால் போதும், உள்ளே கேட்டுவிடும்.

அது கத்தவில்லை. நான் கும்பிட்டேன். "கத்து சாமி, ஒரே ஒருக்காக் கத்து" என்று வாய்விட்டே சொன்னேன். கை தட்டினேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. பயந்தால் கத்தும். பருந்தைக் கண்டால் கத்தும்.

மோட்டார் ரூமிலிருந்து விமானத்தை எடுத்து வந்தேன். காற்று ஏற்கெனவே எழும்பியிருந்தது. தொடக்கூடாது என்று சொன்னது நினைவு இருந்தது. இருந்தும் ஏற்றினேன். அது நிமிர்ந்து போனது, வட்டமடித்தது. மயில் ஓடவுமில்லை, கத்தவுமில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன். இன்னும் கொஞ்சம். பின்னாலிருந்து ஒரு காற்று வந்து தள்ளியது. நான் மேலே இழுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதே நேரத்தில் மயிலும் இறக்கை விரித்து எழும்பியது.

நான் கேட்டது ஒரு தேங்காய் உடைகிற சத்தம்.

ஓடிப் போனபோது பால்சா மரம் தீக்குச்சியாகத்தான் கிடந்தது, அவன் சொன்னபடியே. மயில் பக்கவாட்டில் படுத்திருந்தது. ஒரு இறக்கை இருக்கவேண்டிய மாதிரி இல்லை. நீலத்தின் மேல் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. என் காவித் துண்டை அவிழ்த்து அதைப் போர்த்தித் தூக்கினேன். மாலையில் கோர்த்த உருத்திராட்சம் அதன் கொண்டையில் பட்டது. அந்த உறுத்தலை இன்றைக்கும் என் நெஞ்சில் உணர்கிறேன்.

அதற்குள் மைத்துனன் வந்துவிட்டான். கார் வாசலில் நிற்க, என்னைத் தேடிக் காட்டுக்கு வந்தான். பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. தேசியப் பறவை, பாரஸ்ட்காரர்களுக்குத் தெரிந்தால் கேஸ், ஜாமீன்கூடக் கிடைக்காது என்றான். "ஓடைப் பொதருல உட்டறலாமுங்க மாமா. நாய் நரி பாத்துக்கும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். அவன் கெட்டவன் இல்லை. எனக்காகத்தான் சொன்னான். நான் மயிலை மோட்டார் ரூமில் சாக்கின் மேல் வைத்து, கதவைச் சாத்தினேன். முதலில் மகளைக் கொண்டு போ என்று அவனை அனுப்பினேன்.

மோட்டார் ரூமுக்கும் வாசலுக்கும் கூப்பிடு தூரம்தான். என் மனைவி மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படி இறக்கிக்கொண்டிருந்தாள். அப்போது மோட்டார் ரூமுக்குள்ளிருந்து மயில் கத்தியது. மூன்று தடவை. ஓட்டுக் கூரைக்கு அடியில் இருந்து வந்ததால் அது மயில் சத்தம் மாதிரியே இல்லை. யாரோ ஒரு பெண் கத்துவது மாதிரி இருந்தது.

என் மகள் படியிலேயே நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"அப்பா, ஒதைக்குதுங்க. மயிலு வந்துருச்சு பாருங்க" என்றாள். "அம்மா, கைய வெச்சுப் பாரு."

என் மனைவி கையை வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் மார்பில் ரத்தம் இருந்தது. சேலைத் தலைப்பால் மகளின் பார்வையை மறைத்துக் காரில் ஏற்றினாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரே ஒரு தடவை கத்து என்றேன், மூன்று தடவை கத்தியது.

அவர்கள் போன பிறகு பாரஸ்ட் ஆபீஸுக்கு நானே போன் செய்தேன். மத்தியானம் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். மலையாளத்தில் கேட்டார்கள், எனக்குத் தெரிந்த மாதிரி பதில் சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கத்த வைக்கத்தான் விட்டேன் என்பதை மட்டும் அவர்கள் நம்பவில்லை. எழுதிக்கொண்டார்கள், கூப்பிட்டால் வரவேண்டும் என்றார்கள். மரத் துண்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டார்கள். மயிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள். ஜீப் திரும்பும்போது அது கண்ணை மூடியிருந்தது.

எங்கள் பாதயாத்திரைக் கூட்டத்துக் குருசாமியிடம் போய்ச் சொன்னேன். மாலையைக் கழற்ற வேண்டாம், நடந்து வா, காவடி மட்டும் இந்த வருடம் உன் தோளில் ஏறக்கூடாது என்றார். அப்படியே நடந்தேன். எல்லோர் தோளிலும் பீலி ஆடிக்கொண்டு போக, நான் வெறும் தோளோடு கூட்டத்தின் கடைசியில் போனேன். என் காவடி இன்னும் பூஜை அறைச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது.

நான் நடப்பதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. பேரன் என்று வறுத்துக் கொடுத்தவள் பேத்தியை வாங்கிக்கொண்டு அழுதாள். கை, கால், விரல் எல்லாம் நான் எண்ணிப் பார்த்தேன். குறையில்லாமல் கொடு என்று கேட்டவன் ஆயிற்றே. எல்லாம் சரியாக இருந்தது.

இப்போதெல்லாம் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே காது சோதனை செய்கிறார்கள். காதில் சின்னதாக ஒன்றை வைத்து மிஷினைப் பார்ப்பார்கள். எங்கள் குழந்தைக்கு இரண்டு காதிலும் பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பயப்படாதீர்கள், நிறையக் குழந்தைகளுக்கு முதலில் இப்படி இருந்து அப்புறம் சரியாக வரும், ஒரு மாதம் கழித்துக் கொண்டு வாருங்கள் என்று சோதனை செய்த பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சோதித்துக்கொண்டிருந்தோம். மனைவி தட்டைத் தவற விடுவாள். நான் தொட்டில் பக்கம் கனைப்பேன். குழந்தை அசையாமல் தூங்கும். காட்டிலும் சத்தமில்லை. மயில்கள் திரும்பி வரவேயில்லை. கடலை நன்றாகப் பூத்திருந்தது.

ஒரு நாள் பொழுதோடு, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு என் மகள் சொன்னாள். "வயித்துல இருக்கறப்ப மயிலு கத்துனா ஒதைக்குதுன்னு சொன்னனுங்களே. அது என்ற நெனப்பாத்தான் இருந்திருக்கும். அது பாட்டுக்கு ஒதைச்சிருக்கும். நானா அப்படி நெனச்சுக்கிட்டேன்."

அவள் அழவில்லை. அழாமல் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதைக் கொடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

"நெனப்பு இல்ல கண்ணு" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு, படியில எறங்கறப்ப மயிலு கத்துச்சே. அதுக்கு முன்னால பத்து நாளு மயிலே இல்ல. சத்தமே இல்ல. அது கத்துன ஒடனே உன்ற புள்ள ஒதைச்சுது. உங்கம்மா கையி வெச்சுப் பாத்தா. நானும் பாத்துட்டுத்தான் நின்னேன். அது ஏன் கத்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

பூக் கேட்டதிலிருந்து ஜீப் போனது வரைக்கும் சொன்னேன். அவள் குழந்தையின் துணியை மாற்றினாள், ஈரத் துணியை மடித்தாள், மறுபடி பிரித்து மடித்தாள். வாசலில் காற்று பனைமட்டையை அடித்துக்கொண்டிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது உசுரோட இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை நாளும் அந்த ஆபீஸுக்குப் போன் செய்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் அப்படிக் கேட்ட பிறகு மறுநாள் காலையில் செய்தேன். ஜீப்பில் வந்தவர்களில் ஒருவர்தான் எடுத்தார். உயிரோடு இருக்கிறது, இறக்கை கூடவில்லை, இனிப் பறக்காது, கூண்டில் வைத்திருக்கிறோம், நன்றாகத் தின்கிறது, நடக்கிறது என்றார். வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வாருங்கள் என்றார்.

மகளிடம் சொன்னேன். அவள் முகத்தில் அன்றைக்குப் படியில் பார்த்த வெளிச்சம் கொஞ்சம் திரும்பி வந்தது.

"பழனிக்கு அப்பறம் போலாமுங்கப்பா. ஆஸ்பத்திரிக்குந்தான். மொதல்ல அங்க போலாம். அது கத்தட்டும். இவ திரும்பறாளான்னு பாக்கலாம்."

வருகிற திங்கட்கிழமை போகிறோம். மைத்துனன் கார் கொண்டு வருகிறான். மனைவி குழந்தைக்குப் புதுச் சட்டை தைத்து, மயிலுக்கு என்று ஒரு படி கடலை எடுத்து வைத்திருக்கிறாள். நான் தினமும் விளக்குப் போட்டுக் கும்பிடுகிறேன். என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நிற்கிறேன்.

போனில் அவர் இன்னொன்றும் சொன்னார். கொண்டு வந்த நாளில் இருந்து அது ஒரு தடவைகூடக் கத்தவில்லையாம். பக்கத்துக் கூண்டு மயில்கள் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதோடு சரியாம். இதை மட்டும் நான் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.